வம்சாவளியும் சர்வே எண்ணும்

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளமும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களும் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் நாடு. வீட்டில் தெலுங்கு பேசும் நாயக்கர்களும் ரெட்டியார்களும் ராஜுக்களும் தங்கள் முன்னோர் வடக்கேயிருந்து இறங்கியதாகச் சொல்கிறார்கள். சிவகாசி, விருதுநகர், சாத்தூர்ப் பேட்டைகளின் நாடார் குடும்பங்கள் தெற்கே பனங்காட்டு நாட்டிலிருந்து வணிகத்துக்காக ஏறி வந்தவை. பாளையப்பட்டுக் காலத்தில் வந்த குடி, பருத்தி விலை ஏறிய காலத்தில் வந்த குடி, தீப்பெட்டியும் பட்டாசும் தலையெடுத்த பிறகு வந்த குடி என்று அடுக்கடுக்காக ஆட்கள் சேர்ந்த மண் இது. இங்கே ஒரு குடும்பம் தன் பூர்வீகத்தைத் தேடப் புறப்பட்டால் முதலில் கைக்கு வருவது சாதி வரலாற்று நூல். அடுத்தது ஊர்ப் பெரியவர் சொல்லும் கதை. நிலக்கணக்கை எடுத்துப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் பங்காளிகளுக்குள் வழக்கு வந்தால். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கரிசல்காட்டில் ஒரு குடும்பத்தின் வழியை நம்பிப் பின்தொடர ஏற்ற கயிறு அதன் நிலம். வம்சாவளி என்று நாம் போற்றும் எழுத்தே பல இடங்களில் நில உரிமைக்காக எழுதப்பட்ட மனு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிலத்தை விட்டுவிட்டு வம்சத்தை மட்டும் படிப்பது எவ்வளவு அரைகுறையான வேலை என்பது விளங்கும்.

முதலில் கதைகளை எடுத்துக்கொள்வோம். வடக்கே ஒரு முஸ்லிம் அரசன் குடும்பத்துப் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். துரத்தி வந்த படைக்கும் பெருக்கெடுத்த ஆற்றுக்கும் நடுவில் சிக்கினார்கள். கரையில் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாகி அவர்களைக் கடத்திவிட்டன. தொட்டிய நாயக்கர்களிடம் வழங்கிய இந்தக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் பதிவுசெய்திருக்கிறார். பெண் கேட்ட அரசனும் இரவுப் பயணமும் கரிசலின் வேறு தெலுங்குக் குடிகளிடமும் உண்டு. கி. ராஜநாராயணன் 1976இல் வெளியான ‘கோபல்ல கிராமம்’ நாவலுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டதும் இந்த நினைவுக் களஞ்சியத்தைத்தான். நாவலுக்கு அது பெரும் செல்வம். குடும்ப வரலாற்றைத் தேடுகிறவருக்கோ ஒரு சிக்கல். தனித்தனியாக, வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு காரணங்களுக்காக வந்திருக்கக்கூடிய குடும்பங்கள் எல்லாம் ஒரே ஆற்றை ஒரே விதமாகக் கடந்திருக்கின்றன. அப்படியானால் அந்தக் கதை ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் நினைவாக இருக்க முடியாது. கூட்டம் முழுவதற்கும் பொதுவான சொத்து. தாங்கள் பிழைப்புக்காக வந்தவர்கள் அல்லர், மானத்துக்காக வந்தவர்கள் என்று சொல்ல அது உதவியது. தண்ணீர் தேடியோ, வரி தாங்காமலோ, தரிசு கிடக்கிறது என்று கேள்விப்பட்டோ வந்ததை எந்தக் கதையும் சொல்வதில்லை.

ராஜபாளையத்து ராஜுக்களின் மரபு சற்று வேறு வகை. விஜயநகரப் படையோடு வந்தவர்கள் முதலில் கீழராஜகுலராமனில் தங்கி, பிறகு பழையபாளையம், புதுப்பாளையம் என்று பரவியதாக அது சொல்கிறது. கீழராஜகுலராமன் ஆலங்குளத்துக்கு அக்கம்பக்கத்து ஊர். இந்த மரபில் புங்க மரம் போன்ற அற்புதம் நடுநாயகமாக இல்லை. ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன, தங்கிய வரிசை இருக்கிறது. ஊர்ப்பெயர் வரும் இடத்தில் மரபைச் சோதித்துப் பார்க்க முடியும். அந்த ஊரில் யாருக்கு என்ன நிலம் இருந்தது, எப்போது கைமாறியது, கோவில் யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்க முடியும். வாய்மொழி மரபில் நிலத்தோடு ஒட்டிய பகுதியே உறுதியான பகுதி என்பதற்கு இது நல்ல சான்று.

எழுதப்பட்ட வம்சாவளிகளின் கதை இன்னும் சுவையானது. மதுரையில் விசுவநாத நாயக்கர் காலத்தில் அரியநாத முதலியாரின் யோசனைப்படி எழுபத்திரண்டு பாளையங்கள் வகுக்கப்பட்டன என்பது பழைய செய்தி. பாளையக்காரர்களின் வம்சாவளிகள் நம் கைக்கு எழுத்தாக வந்து சேர்ந்ததோ பெரும்பாலும் காலின் மெக்கன்சியின் சேகரிப்பு வழியாக. இன்று அவை சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன. ஒரு பகுதி அச்சிலும் வந்திருக்கிறது. அவை திரட்டப்பட்ட காலத்தைக் கவனிக்க வேண்டும். 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோல்வார்பட்டி, காடல்குடி, குளத்தூர்ப் பாளையங்களும் பறிக்கப்பட்டன. 1801இல் இரண்டாவது பாளையக்காரர் போர். 1803இல் கலெக்டர் லஷிங்டன் மிஞ்சியிருந்த பாளையங்களுக்கு நிரந்தர வரி நிர்ணயித்து ஜமீன்களாக்கினார். யாருக்கு மண் நிற்கும், யாருக்குப் போகும் என்று கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, முடிவு செய்துகொண்டிருந்த அதே தலைமுறையில்தான் கும்பினியின் அளவையாளரான மெக்கன்சியிடம் இந்தக் குடும்பங்கள் தங்கள் பூர்வீகத்தை எழுதிக் கொடுத்தன. ஒவ்வொன்றிலும் வரும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான்: மூதாதை ஒருவன் மன்னனுக்குப் புலியையோ பகைவனையோ கொன்று கொடுக்கிறான், மன்னன் மகிழ்ந்து விருதும் நிலமும் அளிக்கிறான், அடுத்தடுத்த தலைமுறைகள் அந்த நிலத்தில் கோவில் கட்டி, குளம் வெட்டி, சேவகம் செய்து நிலைக்கிறார்கள். ஊற்றுமலைப் பாளையத்தின் வம்சாவளியை ஆராய்ந்த நிக்கோலஸ் டர்க்ஸ், சேவையும் கொடையுமான இந்த உறவே அவ்வெழுத்தின் உயிர் என்று காட்டினார். அவர் அதை அரசுரிமை பற்றிய கருத்தாகப் படித்தார். வருவாய்த் துறைக் கண்ணோடு படித்தாலும் தவறில்லை. ‘இந்த மண் எனக்கு எப்படி வந்தது’ என்ற கேள்விக்கு எழுதப்பட்ட பதில் அது.

எட்டயபுரத்தின் ‘வம்சமணி தீபிகை’ இந்த வகையின் அச்சு வடிவம். சந்திரகிரியிலிருந்து வந்ததாகச் சொல்லும் அந்த ஜமீன் குடும்பத்தின் வரலாற்றைச் சுவாமி தீட்சிதர் எழுத, 1879இல் அது வெளிவந்தது. நாற்பது ஆண்டு கழித்து, 1919இல், கடையத்தில் வறுமையில் இருந்த சுப்பிரமணிய பாரதி அந்நூலைப் புது நடையில் திருத்தி எழுதித் தருவதாக எட்டயபுரம் மன்னருக்குக் கடிதம் எழுதினார். வேலை நடக்கவில்லை. நடந்திருந்தால் தமிழுக்கு ஓர் அழகான உரைநடை நூல் கிடைத்திருக்கும். எட்டயபுரத்து நில வரலாறு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். குடும்பமே செலவு கொடுத்து எழுதுவிக்கும் வரலாற்றில், பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்த பிறகு அதன் ஊர்களில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்கு வந்து சேர்ந்ததை எவ்வளவு நேர்மையாக எழுத முடியும்? வரவு-செலவுக் கணக்குக்கு அந்தத் தயக்கம் இல்லை. எந்த ஊர் எந்த ஆண்டு முதல் யாருக்கு வரி கட்டியது என்று அது எழுதிவிட்டுப் போகும்.

ஜமீன்களுக்காவது வம்சாவளி உண்டு. பத்து ஏக்கர் மானாவாரிப் புஞ்சை வைத்திருந்த சம்சாரிக்கு யார் எழுதினார்கள்? இங்கேதான் அமெரிக்கக் குடியேறிகளோடு ஒரு ஒப்பீடு உதவும். அந்நாட்டில் தொடக்கக் காலக் குடியேறிக் குடும்பங்களின் வம்ச ஆராய்ச்சி ஒரு பெரிய துறையாகவே வளர்ந்திருக்கிறது. பாஸ்டனில் 1845இலேயே அதற்கென்று ஒரு சங்கம் தோன்றிவிட்டது. வீட்டிலுள்ள அடிமைகள் அல்லாத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிய கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கு அங்கே 1850இல்தான் முதன்முதலாக எடுக்கப்பட்டது. அதற்கு முந்திய இருநூறு ஆண்டுகளை அவர்கள் எப்படி நிரப்பினார்கள்? பெரும்பாலும் நிலத்தால். குடியேற்ற நிர்வாகம் கொடுத்த நிலச் சாசனம், விற்ற பத்திரம், உயில், இறந்தவரின் சொத்தைப் பங்கிட்ட நீதிமன்ற ஏடு ஆகியவற்றைக் கோத்துத்தான் யாருக்கு யார் மகன் என்று கண்டுபிடித்தார்கள். 1862ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு குடியேறிக்கும் 160 ஏக்கர் வரை கொடுக்கத் தொடங்கியபோது, உரிமை கோரியவர் குடும்ப விவரத்தோடு சாட்சிகளையும் காட்ட வேண்டியிருந்தது; அந்தக் கோப்புகள் இன்று வம்ச ஆராய்ச்சியாளர்களின் சுரங்கம். சாதாரண உழவனின் பெயர் அரசின் ஏட்டில் ஏற முக்கியக் காரணம் அவன் கையில் நிலம் இருந்ததுதான். கரிசலிலும் அப்படித்தான்.

நம் ஏடுகளில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பட்டாவிலும் பத்திரத்திலும் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர் இல்லாமல் எதுவும் நடக்காது. ஒவ்வொரு பதிவும் இரண்டு தலைமுறையைச் சொல்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஏணியாகிவிடும். ஆனால் பெயரை மட்டும் பிடித்து ஏறினால் விழ வேண்டியதுதான். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால், ஒரு வீட்டில் ராமசாமி மகன் கிருஷ்ணசாமி, கிருஷ்ணசாமி மகன் ராமசாமி என்று நூறாண்டுக்கு இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். அண்ணன் தம்பி இருவருமே மூத்த மகனுக்குத் தகப்பன் பெயரை வைத்திருப்பார்கள். ஆக ஒரே ஊரில் ஒரே காலத்தில் இரண்டு ராமசாமிகள். வாய்மொழி மரபு இந்த இடத்தில் தலைமுறைகளை மடித்து ஒன்றாக்கிவிடும். அவர்களைப் பிரித்துக் காட்டுவது சர்வே எண். ஓடைக்கு மேற்கே இருக்கும் புஞ்சைக்காரர் ஒரு ராமசாமி, கண்மாய்க்கரையை ஒட்டிய நிலத்துக்காரர் இன்னொருவர். அதைவிடவும் பயன் தருவது பத்திரத்தில் எழுதும் நான்கெல்லை. ‘இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் பொழிக்கு வடக்கு’ என்று நான்கு திசைக்கும் பெயர் வரும். பாகம் பிரித்த நிலத்தில் பக்கத்துப் பொழிக்காரர் பெரும்பாலும் பங்காளி. ஆக, ஒருவர் தன் நிலத்தை விற்ற பத்திரத்தில் அவருடைய சகோதரர்களும் சிற்றப்பன் மக்களும் எல்லையாக வந்து நிற்பார்கள். மூன்று தலைமுறைக்குரிய பத்திரங்களின் நான்கெல்லைகளை ஒரு தாளில் வரைந்தால் அந்தக் குடும்பத்தின் கிளைகள் வரைபடமாகவே வந்துவிடும். பாகப்பிரிவினைப் பத்திரமோ கூர்ச்சீட்டோ கிடைத்துவிட்டால் வேலை இன்னும் எளிது. யார் பங்கு யாருக்கு, யார் வாரிசில்லாமல் போனார், யாரைச் சுவீகாரம் எடுத்தார்கள் என்பது வரை அதில் இருக்கும்.

இந்தப் பதிவுகள் எப்போது தடிமனாகத் தொடங்குகின்றன என்பதிலும் ஒரு செய்தி இருக்கிறது. இந்தியாவின் பத்திரப் பதிவுச் சட்டம் 1864இல் வந்தது. திருநெல்வேலிச் சீமையில், உழவர் அரசுக்கு நேராக வரி கட்டிய ரயத்துவாரி ஊர்களில் நிலத்தை அளந்து, மண்ணின் தரம் பிரித்து, சர்வே எண் கொடுத்து வரி நிர்ணயித்தது 1860களிலும் 1870களிலும். இடையில், 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர். அங்கிருந்து பருத்தி வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தபோது திருநெல்வேலிப் பருத்திக்கு விலை எகிறியது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வண்டிகள் வரிசையாகப் போயின. 1876இல் சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் 1878 வரை நீடித்தது. கரிசல் மண் விற்பனைப் பொருளானதும், அதற்கு எண் கிடைத்ததும், பத்திரம் பதிவானதும், பஞ்சத்தில் கைவிட்டுப் போனதும் ஏறத்தாழ இருபதே ஆண்டுக்குள். வரி கட்ட முடியாதவர் ராஜினாமா எழுதிக் கொடுத்து நிலத்தை விட்டார். தெம்புள்ளவர் தர்காஸ்து என்னும் விண்ணப்பம் போட்டு அதை வாங்கிக்கொண்டார். எனவே பல குடும்பங்களின் ‘பூர்வீக நிலம்’ என்று இன்று சொல்லப்படுவது விஜயநகரக் கொடையாக இல்லாமல், இந்த இருபது ஆண்டுக் குலுக்கலில் கைக்கு வந்ததாக இருக்க நியாயம் உண்டு. வம்சாவளி ஐந்நூறு ஆண்டைப் பற்றிப் பேசும். நிலம் நூற்றைம்பது ஆண்டைப் பற்றிப் பேசும். இரண்டும் மோதும் இடத்தில் என் ஓட்டு நிலத்துக்கு.

தேடுகிறவர் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்த வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அதன் பிறகு புதிதாக அமைந்த ராமநாதபுரம் மாவட்டம். 1985இல் காமராசர் மாவட்டம், அதுவே இன்றைய விருதுநகர். தாத்தாவின் தாத்தாவைத் தேட மூன்று மாவட்டத்து ஆவணங்களைத் தொட வேண்டும். மிகப் பழையவை சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில். போதாக்குறைக்குத் தென்காசிப் பக்கமும் ஓர் ஆலங்குளம் இருக்கிறது. 1910க்கு முன்பு இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்ததால், ஊர்ப்பெயரை மட்டும் நம்பி அட்டவணையைப் புரட்டினால் வேறொருவரின் பாட்டனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். ஜமீன் ஊராக இருந்தால் வேறு சங்கடம். அங்கே பட்டா கொடுத்தது ஜமீன் கச்சேரி. அந்தக் கணக்குகளில் பெரும்பகுதி கரையானுக்குப் போய்விட்டது. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அரசு நிலவரித் திட்டம் செய்தபோது எழுந்த ரயத்துவாரிப் பட்டா விசாரணைகள்தான் அத்தகைய ஊர்களுக்கு முதல் நல்ல சான்று. 1980இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தபோது சில வீடுகளில் கணக்குக் கட்டுகள் பரணிலேயே தங்கிவிட்டன. அந்தக் காலத்திலேயே நடந்த யு.டி.ஆர். என்னும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பெயர்கள் தவறாக ஏறியது ஊரறிந்த சங்கதி. வங்கிக் கடனுக்கு வக்கீல் கருத்துரை வாங்குகிறவர்கள் முப்பதாண்டு வில்லங்கத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்; பட்டாசு ஆலைக்கு நிலம் வாங்குகிறவருக்கும் அது போதும். குடும்ப வரலாற்றுக்கு அது வாசற்படி மட்டுமே.

நிலமே கயிறு என்ற வாதத்துக்கு வரக்கூடிய முதல் மறுப்பு குலதெய்வத்தின் பக்கமிருந்து வரும். நிலம் கைமாறும், குலதெய்வம் மாறாது. ஆகவே கோவிலே சரியான கயிறு என்பார்கள். இதில் பாதி உண்மை. குடிபெயரும்போது பழைய கோவிலிலிருந்து பிடிமண் எடுத்துவந்து புதிய ஊரில் தெய்வத்தை நிலைநிறுத்தும் வழக்கம் இங்கே பரவலானது. எந்தக் கோவிலின் பிடிமண் எந்தக் கோவிலில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டே போனால் குடும்பம் நடந்துவந்த தடம் பின்னோக்கித் தெரியும். தெலுங்குக் குடிகளின் வீட்டுப்பெயர்கள் ஆந்திரத்து ஊர்களையும் கிளைகளையும் நினைவில் வைத்திருக்கின்றன. 1860களுக்கு முந்திய காலத்துக்கு இவற்றை விட்டால் பலருக்கு வேறு வழியே இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் குலதெய்வம் திசையைச் சொல்கிறது, தேதியைச் சொல்வதில்லை. ஒரே தெய்வத்தைக் கும்பிடும் நூறு வீடுகளும் பங்காளிகள் என்று அது அறிவிக்கும். எந்த இரண்டு வீடு எந்தத் தலைமுறையில் பிரிந்தது என்பதை அறிவிக்காது. தவிர, கோவில் வரிக்காரர் பட்டியலில் புதிய வீடுகள் சேர்வதும் சண்டையில் விலகுவதும் உண்டு. அந்தக் கோவிலுக்கு மானியம் இருந்தால், 1858இல் அமைந்த இனாம் கமிஷன் எழுதிய பதிவேட்டில் அதை அப்போது அனுபவித்தவர் பெயரும் மானியம் வந்த வழியும் இருக்கும். தெய்வத்துக்குத் தேதி கிடைப்பது மறுபடியும் அதன் நிலத்தின் வழியாகத்தான்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. நிலக்கணக்கு நிலம் வைத்திருந்தவனை மட்டுமே பார்க்கும். பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழுத மண்ணில் அவர்கள் பெயர் இல்லை. குடியேறியவர்கள் வரும்போது இந்த நாடு ஆளில்லாத காடாக இருந்தது என்ற கதையைப் பட்டா மௌனமாக ஆமோதிக்கிறது. அமெரிக்கக் குடியேறிகளின் நிலச் சாசனங்களும் பூர்வகுடிகளைப் பற்றி இதே மௌனத்தைத்தான் கடைப்பிடித்தன. காடு வெறுமையாக இருக்கவில்லை என்பதற்கு வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டை சாட்சி. 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டத் தொடங்கியபோது நுண்கற்கருவிகள் முதல் சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள் வரை கிடைத்தன. விஜயநகரத்துக்கு மிக முந்திய ஆட்கள் வாழ்ந்து, தொழில் செய்து, வணிகம் நடத்திய இடம் அது. அவர்களுக்கும் இன்றைய எந்தக் குடும்பத்துக்கும் கோடு இழுக்க முடியாது, இழுக்கவும் கூடாது. ஆனால் ‘நாங்கள் காட்டை அழித்து நாடாக்கினோம்’ என்ற வரியை வம்சாவளியில் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்தி யோசிக்க அது போதும். நிலமில்லாதவர்களைப் பொறுத்தவரை, ஊர்க் காவலுக்கும் வெட்டி வேலைக்கும் தச்சு, கொல்லு வேலைக்கும் விடப்பட்ட ஊழிய மானியப் பதிவுகளில் சிலர் பெயர் அகப்படும். மற்றவர்களுக்கு என் முறை பயன்படாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வம்சாவளி நூல்கள் அவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே தருகின்றன.

நாடார்கள் விஷயம் தனி. சிவகாசி, விருதுப்பட்டி என்ற இன்றைய விருதுநகர், சாத்தூர், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் என்ற ஊர்களில் அவர்கள் நிலக்காரர்களாக அல்ல, வணிகர்களாக வேரூன்றினார்கள். உறவின்முறையும், சரக்கின் மேல் வாங்கிய மகமையும், அதைக் கொண்டு எழுப்பிய பேட்டை, சத்திரம், பள்ளிக்கூடமும் அவர்களின் அடையாளம்; ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகச் சொல்கிறது. வயல் இல்லாத இடத்தில் சர்வே எண் எதற்கு என்று கேட்கலாம். பேட்டையும் ஒரு மனைதான், கடைக்கும் பத்திரம் உண்டு. 1899இல் சிவகாசிக் கலவரத்தில் எரிந்ததும் மனைகளும் வீடுகளும்தான். மகமைக் கணக்கும் மனைப் பத்திரமும் சேர்ந்து, மற்றவர்களுக்குப் புஞ்சையின் சர்வே எண் செய்யும் வேலையை அவர்களுக்குச் செய்கின்றன.

பெண்களைப் பற்றிய குறையோ எல்லாச் சாதிக்கும் பொது. வம்சாவளியில் மகள் வருவதில்லை, பட்டாவில் மனைவி வருவதில்லை. கரிசல் குடும்பங்களில் பெண்ணின் பெயர் நெடுங்காலம் தங்கிய இடம் சாமி வீடு. அகாலத்தில் இறந்த பெண் அம்மனாகி ஆண்டுக்கொரு பொங்கல் பெற்றாள். 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும், பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தந்த 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும் வந்த பிறகுதான் பெண்கள் பத்திரங்களில் கூட்டமாக வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில், தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பவர்களாக. விட்டுக்கொடுத்தாலும் பெயரும் தகப்பன் பெயரும் கணவன் பெயரும் பதிவாகிவிடுகின்றன. சம்பந்தம் செய்த ஊர்களின் பட்டியலை அதிலிருந்து எடுக்கலாம். வேறெந்த ஏடும் அதை இவ்வளவு தெளிவாகத் தருவதில்லை.

மூன்றாவது மறுப்பு, பத்திரமும் பொய் சொல்லும் என்பது. பினாமி உண்டு, கடனுக்குப் பயந்து மைத்துனன் பெயரில் எழுதியது உண்டு, விலை குறைத்துக் காட்டியது எப்போதும் உண்டு. இவற்றில் பெரிய பொய் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டத்தை ஒட்டிப் பிறந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வைத்திருந்த வரம்பு 1970இல் 15ஆகக் குறைந்தது. மானாவாரிப் புஞ்சையில் ஒரு தர ஏக்கர் பல சாதாரண ஏக்கருக்குச் சமம் என்றாலும், பெரிய சம்சாரிகள் பதறிப்போய்ப் பிள்ளைகள் பெயரிலும் உறவுக்காரர் பெயரிலும் அவசர அவசரமாக எழுதி வைத்தார்கள். உடைமையைப் பொறுத்தவரை இவை பொய். உறவைப் பொறுத்தவரை மெய். நிலத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் குடும்பத்தில் இருந்த ஒவ்வொரு தலையும் எண்ணப்பட்டது. பெண்ணின் சீதன நிலமாகப் பத்துத் தர ஏக்கர் வரை தனியாகக் காட்ட அனுமதி இருந்ததால், அதுவரை எந்த ஏட்டிலும் வராத மாமியார்களும் மருமகள்களும்கூட வந்து சேர்ந்தார்கள். வம்சாவளி பெருமைக்காகப் பொய் சொல்லும்போது முன்னோரைக் கூட்டிவிடுகிறது. பத்திரம் லாபத்துக்காகப் பொய் சொல்லும்போது உயிரோடு இருக்கும் உறவினரைக் காட்டிக்கொடுக்கிறது. ஆராய்ச்சியாளனுக்கு இரண்டாவது வகைப் பொய் மேல்.

ஆலங்குளத்தை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது அங்குள்ள அரசு சிமெண்ட் ஆலையால். கரிசலுக்கு அடியில் கிடந்த சுண்ணாம்புக்கல்லை நம்பி 1970இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம் தொடங்கியது அது. 1976இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் தனியாக உருவான பின் அதன் கைக்குப் போனது. ஆலை, சுரங்கம், சாலை, ரயில் பாதை என்று பொதுத் தேவைக்கு அரசு நிலம் எடுத்த எந்த ஊரிலும், குடும்ப வரலாறு தேடுகிறவர் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டிய கோப்பு ஒன்று உண்டு. 2013 வரை நடைமுறையில் இருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் ஒன்பது, பத்தாம் பிரிவுகள், பட்டாதாரரோடு நிற்காமல் நிலத்தில் பாத்தியதை உள்ள எல்லோரையும் அழைத்தன. கூட்டுப் பங்குதாரர், அடமானம் பிடித்தவர், குத்தகைக்காரர் பெயர்களையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொல்லி அதிகாரி கேட்க முடிந்தது. இழப்பீட்டுப் பணம் வருகிறது என்றதும் ஊரைவிட்டுப் போன பங்காளியும், கட்டிக்கொடுத்த மகளும், வாரத்துக்கு உழுதவனும் மனுவோடு வந்து நின்றார்கள். யார் யாருக்கு என்ன உறவு, எந்தப் பங்கு எந்த வழியில் என்று அதிகாரி விசாரித்து எழுதித் தீர்ப்பாணையில் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பட்டா விட்ட பெயர்களும் வம்சாவளி விட்ட பெயர்களும் ஒருசேர ஏறியது அந்த ஏட்டில். அதைப் பார்க்க ஜாதகமோ செப்பேடோ வேண்டாம். எடுக்கப்பட்ட நிலத்தின் பழைய சர்வே எண்ணையும் எடுத்த ஆண்டையும் குறித்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பதிவறையில் மனு கொடுக்க வேண்டும்.